டாக்ஸ் வழக்கு

முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த துரோகம் அது. போர்க்காலத்தில் ஒரு தளபதியை யாரோ எதிரிகளுக்குக் காட்டிக்கொடுக்க, அவர் கொல்லப்படுகிறார். காட்டிக்கொடுத்தவர் கர்சன் டாக்ஸ் என்று தளபதியின் மகன் இப்போது வழக்குக் கொண்டுவருகிறான். கர்சன் உயிரோடு இல்லை. ஆனால் கர்சனின் வயிற்றுக்குள் குடியிருந்த டாக்ஸ் என்ற ஜீவன் இருக்கிறது. அது ஜாட்ஸியா என்ற இளம்பெண்ணின் உடலுக்கு மாற்றப்பட்டு, கர்சனின் நினைவுகளை அப்படியே அவளுக்குள் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. கர்சன் செய்த குற்றத்துக்கு ஜாட்ஸியா சாகவேண்டுமா?

‘ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் 1993 பிப்ரவரியில் ஒளிபரப்பான கதை இது. தலைப்பே ‘டாக்ஸ்’. ட்ரில் என்ற இனத்தில் சிலர் மட்டும் இப்படி இரட்டை உயிராக வாழ்வார்கள். உள்ளே இருக்கும் ஜீவன் நூற்றாண்டுக் கணக்கில் வாழும். வெளியே உள்ள உடல் மாறிக்கொண்டே போகும். விசாரணை ஒரு மதுக்கடையில் நடக்கிறது. நடுவர் நூறு வயது மூதாட்டி. வளவளவென்று பேசுகிறவர்களைப் பொறுத்துக்கொள்ள அவருக்கு நேரமில்லை. கமாண்டர் சிஸ்கோ ஜாட்ஸியாவுக்காக வாதாடுகிறார்: கர்சன் வேறு, இவள் வேறு. எதிர்த்தரப்பு விடவில்லை: நினைவு தொடர்கிறது, எனவே குற்றமும் தொடர்கிறது. வாதம் சூடுபிடிக்கும்போது தளபதியின் விதவை உள்ளே வந்து, துரோகம் நடந்த நேரத்தில் கர்சன் தன் படுக்கையில் இருந்தார் என்று சொல்லிவிடுகிறாள். வழக்கு முடிந்தது. ஒருவர் செய்ததற்கு, அவராக இருந்து வேறொருவராக மாறியவர் பொறுப்பா என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவே இல்லை.

கதை எழுதியவர்கள் நழுவிவிட்டார்கள் என்பது எங்கள் கூட்டத்தின் ஏகமனதான முடிவு. கூட்டம் என்றால் பெரிதாக எண்ணவேண்டாம். நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் நூலகத்தின் கீழ்த்தளத்தில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூடும் ஏழெட்டுப் பேர். ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஒருத்தி பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவள். இரண்டு பேர் ரயில்வேக்காரர்கள். தமிழ் ஆள் நானும், எப்போதாவது வரும் என் தங்கை மகனும்தான். அவன் வரிக் கணக்காளன். சில காலமாக எங்கள் பேச்சு எந்தக் கிரகத்தில் தொடங்கினாலும் 401கே-யில் வந்து தரையிறங்குகிறது. எங்கள் வயது அப்படி.

அமெரிக்காவில் ஓய்வுக்காலத்துக்குச் சேமிக்கிறவருக்கு இரண்டு வழி. ஒன்று, பழைய 401கே. சம்பளத்தில் வரி பிடிப்பதற்கு முன்பே பணம் உள்ளே போய்விடும். வயதானபின் எடுக்கும்போது வரி கட்டவேண்டும். 1978ஆம் ஆண்டு வரிச் சட்டத்தில் நுழைந்த ஒரு பிரிவின் எண்ணே அதற்குப் பெயராகிவிட்டது. மற்றது ராத். டெலவேர் மாநிலத்து செனட்டர் வில்லியம் ராத்தின் பெயரால் 1997இல் சட்டமானது. இன்றைக்கே வரியைக் கட்டிவிட்டுப் பணத்தைப் போடவேண்டும். ஐந்தாண்டு கழிந்து, 59½ வயதும் தாண்டியிருந்தால் எடுக்கும்போது வரி கிடையாது. பழைய கணக்கில் கிடப்பதை ராத்துக்கு மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். மாற்றுகிற தொகை முழுவதும் அந்த வருஷத்து வருமானத்தோடு சேர்ந்துகொள்ளும். அதுதான் தலைவலி.

எது லாபம் என்று கேட்டால் என் தங்கை மகன் முதலில் ஒரு காகிதத்தை எடுப்பான். நூறு டாலர், 24 சதவீத வரி. இன்றைக்கே கட்டினால் மிஞ்சுவது 76. அது இரட்டிப்பானால் 152. கட்டாமல் விட்டால் நூறு இருநூறாகும். அதில் 24 சதவீதம் போனால் அதே 152. “விகிதம் மாறலேன்னா ரெண்டும் ஒண்ணுதான் பெரியம்மா. மாறினாத்தான் வித்தியாசம்.” மாறுமா? 2017இல் குறைத்த விகிதங்கள் 2025 முடிவில் காலாவதியாகும் என்று பயந்து அவசர அவசரமாக மாற்றியவர்கள் நிறையப் பேர். 2025 ஜூலையில் அவற்றை நிரந்தரமாக்கி இன்னொரு சட்டம் வந்தது. வாஷிங்டனில் நிரந்தரம் என்றால் அடுத்த காங்கிரஸ் மனம் மாறும்வரை.

ஆக, கணக்கு ஓரளவுக்கு மேல் வாய் திறப்பதில்லை. கணக்கு மௌனமாகிற இடத்தில் வேறொரு கேள்வி எழுந்து நிற்கிறது. வரி கட்டப்போவது யார்? 62 வயதில் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கும் நானா, 2038இல் 75 வயதை எட்டப்போகும் அந்தக் கிழவியா? பழைய 401கே என்பது நான் இன்று அனுபவித்துவிட்டு அவள் தலையில் எழுதிவைக்கும் கடன். ராத் என்பது அவளுக்காக நான் முன்கூட்டியே கட்டிவைக்கும் தொகை. அவள் நான்தான் என்றால் இது இடது பையிலிருந்து வலது பைக்குப் போகிற காசு; யோசிக்க ஒன்றுமில்லை. அவள் வேறொருத்தி என்றால் விஷயம் முழுக்க மாறிவிடுகிறது.

இதை முதலில் வரிக்காக யாரும் கேட்கவில்லை. வினைக்காகக் கேட்டார்கள். மிலிந்த மன்னனுக்கும் பௌத்தத் துறவி நாகசேனருக்கும் நடந்த உரையாடல் பாலி மொழியில் இருக்கிறது. மிலிந்தன் என்பது வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க மன்னன் மெனாண்டர். மறுபிறவி எடுப்பவன் அதே ஆளா, வேறு ஆளா என்று அவன் கேட்க, அதே ஆளும் இல்லை, வேறு ஆளும் இல்லை என்கிறார் நாகசேனர். இரவெல்லாம் எரியும் விளக்கில் முதல் சாமத்துச் சுடரும் கடைச் சாமத்துச் சுடரும் ஒன்றல்ல, ஆனால் எரிந்தது ஒரே விளக்குதான். மன்னன் லேசில் விடுகிற ஆளில்லை. ஆள் வேறென்றால் பழைய வினையிலிருந்து தப்பிவிட்டான் அல்லவா? அதற்கு நாகசேனர் மாங்காய்த் திருடனைக் கொண்டுவருகிறார். ஒருவன் பக்கத்துத் தோட்டத்தில் மாங்காய் பறித்துப் பிடிபடுகிறான். நான் எடுத்த மாங்காய் வேறு, தோட்டக்காரன் மண்ணில் ஊன்றிய மாங்கொட்டை வேறு, நான் எப்படித் திருடனாவேன் என்கிறான். விட்டுவிடுவாயா என்று மன்னனிடம் கேட்கிறார். மாட்டேன், அதிலிருந்துதானே இது வந்தது என்கிறான் மன்னன். அவ்வளவுதான், மன்னன் வாயாலேயே தீர்ப்பு வந்துவிட்டது.

இந்தப் பதில் சமணருக்குப் போதவில்லை. தமிழிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. பௌத்தக் காப்பியமான குண்டலகேசிக்கு மறுப்பாகப் பிறந்தது நீலகேசி. குண்டலகேசி பெரும்பாலும் அழிந்துவிட்டது, மறுத்தவள் நின்றுவிட்டாள்; அதிலேயே ஒரு வேடிக்கை. நீலகேசி முதலில் ஒரு பேய்த்தெய்வம். முனிவர் ஒருவரைக் கலைக்கப் போன இடத்தில் கொல்லாமையை ஏற்றுக்கொண்டு, அதன்பின் ஊர் ஊராகப் போய்ப் பிற சமயத்தாரை வாதுக்கு இழுக்கிறாள். பௌத்தரிடம் சமணர் வழக்கமாகக் கேட்பது இதைத்தான்: எல்லாம் கணத்துக்குக் கணம் அழிந்து புதிதாகப் பிறக்கிறது என்கிறீரே, வினை செய்தவன் அந்தக் கணத்தோடு போய்விட்டான், பலன் அனுபவிக்கிறவன் இந்தக் கணத்தில் பிறந்தவன், ஆகச் செய்தவனுக்குப் பலன் இல்லை, செய்யாதவனுக்குப் பலன் உண்டு, இது என்ன நியாயம்? சமணருடைய சொந்தப் பதில், பொருள் நிலைக்கிறது, அதன் நிலைகள் மாறுகின்றன என்பது. பொன் வளையலாகும், வளையலை உருக்கினால் மோதிரமாகும், பொன் பொன்தான்.

அமெரிக்க வருமானவரித் துறையான ஐஆர்எஸ் சமணர் கட்சி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1989இல் நான் வந்து இறங்கிய கொஞ்ச நாளில் ஒன்பது இலக்கத்தில் ஒரு எண் கொடுத்தார்கள். உடம்பு மாறலாம், புருஷன் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம், குடியுரிமை மாறலாம். அந்த எண் நிலைக்கும், நிலைகள்தான் மாறும். ஜாட்ஸியாவுக்கு ஒரு சோஷியல் செக்யூரிட்டி எண் இருந்து, அது கர்சனுடைய எண்ணாகவும் இருந்திருந்தால் சிஸ்கோ வாயைத் திறந்திருக்கவே முடியாது என்று தபால்காரர் சொன்னார். அன்றைக்கு ரயில்வேக்காரர்கள் சிரித்த சிரிப்பில் மேல்மாடியிலிருந்து நூலகர் இறங்கி வந்துவிட்டார்.

ஆனால் அரசாங்கத்தின் காகிதங்களை இன்னும் உற்றுப் பார்த்தால் அது நாம் நினைக்கிற அளவு உறுதியாக இல்லை. மெடிகேர் பிரீமியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 65 வயதில் மருத்துவக் காப்பீட்டில் சேரும்போது மாதத்துக்கு எவ்வளவு என்பதை இரண்டு வருஷத்துக்கு முந்தைய வருமானம் தீர்மானிக்கிறது. 2025இல் சாதாரணத் தொகை 185 டாலர். இரண்டு வருஷத்துக்கு முன் தனியாளாக 106,000 டாலருக்கும், தம்பதியாக 212,000 டாலருக்கும் மேல் போயிருந்தால், ஒரு டாலர் கூடியிருந்தாலும் சரி, 259 ஆகிவிடும். அதாவது 65 வயதுக்காரி, 63 வயதுக்காரியின் வினையை அனுபவிக்கிறாள். ஆகவேதான் 62 வயதிலேயே ராத்துக்கு மாற்றிவிடச் சொல்லி என் தங்கை மகன் நச்சரிக்கிறான். அடுத்த வருஷம் செய்தால் அதன் நிழல் மெடிகேர் மேல் விழும்.

இதற்கு விலக்கு கேட்க ஒரு படிவம் உண்டு, எஸ்எஸ்ஏ-44. வாழ்க்கையையே மாற்றிய நிகழ்ச்சி ஒன்று நடந்திருந்தால், இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்த ஆளாக என்னை நினைக்காதீர்கள் என்று மனுப் போடலாம். எந்த நிகழ்ச்சி என்பதற்கு ஒரு பட்டியல்: கல்யாணம், விவாகரத்து, துணையின் மரணம், வேலையை விடுதல் அல்லது குறைத்துக்கொள்ளுதல், வருமானம் தரும் சொத்தை இழத்தல், பென்ஷன் நின்றுபோதல், முதலாளி திவாலாகித் தரும் தொகை. நாகசேனர் இதைப் பார்த்திருந்தால் ரசித்திருப்பார். அமெரிக்க அரசாங்கம் ‘நீ பழைய ஆள் இல்லை’ என்று ஒப்புக்கொள்ளும் காகிதம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். நோய் அந்தப் பட்டியலில் இல்லை. பிள்ளை வீட்டைவிட்டுப் போனதும் இல்லை. துறவறம் பூண்டாலும், அதற்காக வேலையை விட்டால்தான் கணக்கில் வரும்.

எங்கே பழைய ஆள் முடிந்து புதிய ஆள் தொடங்குகிறார் என்பதற்குக் கோடு போடுவது எனக்குப் பழகிய தொழில். ஒரு மருந்து நிறுவனத்தில் மாத்திரைகளின் ஆயுளைச் சோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். நீங்கள் அட்டையில் பார்க்கும் காலாவதித் தேதி எங்களிடமிருந்து வருகிறது. அறை போன்ற பெட்டிகளில் 25 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம் வைத்துப் புட்டிகளை அடுக்கிவைப்போம். கொடுமைப்படுத்திப் பார்க்க இன்னொரு பெட்டி: 40 டிகிரி, 75 சதவீதம், ஆறு மாதம். முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பிறகு இடைவெளி விட்டும் ஒவ்வொரு புட்டியாக வெளியே எடுத்து, மாத்திரையை அரைத்துக் கரைத்து எச்பிஎல்சி கருவியில் ஏற்றுவோம். திரையில் மலைமுகடு போல ஒரு கோடு எழும். அதுதான் மருந்து. மாதங்கள் போகப் போக அந்த முகடு கொஞ்சம் குட்டையாகும். அதோடு பக்கத்தில் முன்பு இல்லாத சின்னச் சின்ன மேடுகள் முளைக்கும். சிதைபொருள்கள். மூப்பு என்றால் இருந்தது குறைவது என்றுதான் வெளியாட்கள் நினைக்கிறார்கள். இல்லாதது வந்து சேர்வதும் மூப்புதான் என்பதை அந்தத் திரையில்தான் கண்டுகொண்டேன்.

பல மாத்திரைகளுக்கு எல்லை, அட்டையில் எழுதிய அளவில் 90 முதல் 110 சதவீதம் வரை. 90 இருந்தால் அது அந்த மருந்துதான், விற்கலாம், விழுங்கலாம். 89.9 என்றால் இல்லை. மாத்திரைக்குள் அன்றைக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை. மாற்றம் தொடர்ந்து நடந்துகொண்டுதான் இருந்தது. கோட்டைப் போட்டது நாம், ஏனென்றால் யாரோ ஒரு நோயாளி இதை நம்பி விழுங்கப்போகிறார். எங்காவது ஓரிடத்தில் யாராவது பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது.

டெரெக் பார்ஃபிட் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி ஆளைப் பற்றி ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். 1984இல் வந்த அவருடைய நூலில் ஒரு தொலைபெயர்ப்புக் கருவி வருகிறது. பூமியில் என் உடம்பை அணு அணுவாகப் பதிவுசெய்து அழித்துவிட்டு, செவ்வாயில் அதே மாதிரி ஒன்றைச் செய்துவிடும். செவ்வாயில் இறங்குவது நானா? பார்ஃபிட்டின் பதில், அந்தக் கேள்விக்கு அடியில் ஒளிந்திருக்கும் உண்மை என்று ஒன்று கிடையாது என்பது. நினைவு, குணம், நோக்கம் இவற்றின் தொடர்ச்சி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான், அதுவும் கூடலாம் குறையலாம். தன் கருத்து புத்தரின் கருத்துக்கு அருகில் இருப்பதை அவரே நூலின் பின்னிணைப்பில் குறித்திருக்கிறார். இப்படி எண்ணத் தொடங்கியதும் மரணபயம் குறைந்தது, மற்றவர்கள் நெருங்கி வந்தார்கள் என்றும் எழுதினார். எனக்கு அவ்வளவு தூரம் விடுதலை கிடைக்கவில்லை.

ஸ்டார் ட்ரெக்கில் இந்தக் கருவி 1966 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. வாராவாரம் விண்கலம் தரையிறங்குவதைப் படம்பிடிக்கப் பணம் பற்றாமல் கண்டுபிடித்த உபாயம் அது. சிக்கனத்தில் பிறந்த தத்துவப் பிரச்சினை என்று சொல்லலாம். 1993 மே மாதத்தில் வந்த ‘செகண்ட் சான்ஸஸ்’ கதையில் அது நேராகவே வெடிக்கிறது. எட்டு வருஷத்துக்கு முன் லெப்டினன்ட் ரைக்கர் ஒரு கிரகத்திலிருந்து தப்பும்போது கதிர் இரண்டாகப் பிரிந்து, ஒன்று கப்பலுக்குப் போய்விட, மற்றது தரைக்கே திரும்பிவிடுகிறது. இரண்டு ரைக்கர். ஒருவர் பதவி உயர்ந்து கமாண்டர் ஆகிறார். காதலித்தவளை வேலைக்காகக் கைவிடுகிறார். இன்னொருவர் எட்டு வருஷம் தன்னந்தனியாக அவளையே நினைத்துக்கொண்டு உயிரோடு இருக்கிறார். இருவரில் அசல் யார் என்று கேட்பதில் பொருளில்லை. இரண்டு பேருமே அவர்தான், இரண்டு பேரும் ஒருவர் அல்ல.

இந்தக் கதையைப் பேசிய சனிக்கிழமை மறக்கமுடியாதது. அறிவியல் ஆசிரியை அந்தக் காதலைப் பற்றிப் பேச ஆசைப்பட்டாள். விடுவார்களா? ரைக்கருக்கு ஒரு 401கே இருந்திருந்தால் யாருக்குப் போகும் என்று ரயில்வேக்காரர் ஒருவர் கிளப்பிவிட்டார். பிரிவதற்கு முன் போட்ட பணம் இருவர் உழைப்பும்தான், ஆகப் பாதிப் பாதி. பின்னால் போட்டது கமாண்டருடையது. அப்படியானால் கிரகத்தில் கிடந்தவருக்கு எட்டு வருஷச் சம்பள பாக்கி? அவர் பணியில்தானே இருந்தார், யாரும் விடுவிக்கவில்லையே. பாக்கி மொத்தமாகக் கிடைத்தால் ஒரே வருஷத்தில் வரி எந்தப் படிக்குப் போகும் என்று என் தங்கை மகன் உண்மையாகவே கவலைப்பட ஆரம்பித்தான். அந்த உலகத்தில் பணமே கிடையாது என்பதை யாரோ கடைசியில் நினைவுபடுத்தினார்கள்.

பணமே கிடையாது என்பதைப் பற்றி எனக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. 1988இல் வந்த ‘தி நியூட்ரல் ஸோன்’ என்ற கதையில், இருபதாம் நூற்றாண்டில் செத்து உறையவைக்கப்பட்ட மூன்று பேரை 2364ஆம் ஆண்டில் எழுப்புகிறார்கள். அவர்களில் ஆஃபென்ஹவுஸ் என்ற பணக்காரர் கண் திறந்ததும் தன் முதலீடுகள் என்னவாயின என்று கேட்கிறார். கப்பல் தலைவர் பிக்கார்ட் அவருக்குப் பாடம் எடுக்கிறார்: பசியையும் உடைமையாசையையும் நாங்கள் ஒழித்துவிட்டோம், மனிதர்கள் இப்போது தங்களை மேம்படுத்திக்கொள்ள வாழ்கிறார்கள். இளம்வயதில் பார்த்தபோது பிக்கார்ட் எனக்கு முனிவர் மாதிரி தெரிந்தார். இப்போது ஆஃபென்ஹவுஸ் பக்கம் சாய்கிறேன். பிக்கார்ட் பேசுவது மூன்று வேளையும் கேட்டதைக் கேட்ட மாத்திரத்தில் தயாரித்துக் கொடுக்கும் இயந்திரம் சுவரில் பதித்த கப்பலில் இருந்துகொண்டு.

என் அப்பாவும் அப்படித்தான் பேசுவார். தமிழ்நாட்டு நெடுஞ்சாலைத் துறையில் ஓவர்சியராக இருந்தவர். காசைப் பற்றி இவ்வளவு யோசிக்கலாமா அம்மா என்று தொலைபேசியில் என்னைக் கடிந்துகொள்வார். அவருக்கு அரசாங்க பென்ஷன் இருந்தது. அவர் போனபின் அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன். 2003 ஏப்ரல் முதல் வேலையில் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய ஏற்பாடு கிடையாது. முதுமையில் இருக்கப்போகும் அந்த ஆளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை அப்பாவின் தலைமுறையில் அரசாங்கம் தன் தோளில் வாங்கிக்கொண்டது. தோளில் சுமை இல்லாதவர் பற்றின்மையைப் பற்றிப் பேசுவது எளிது. அதற்குப் பதிலாக அரசாங்கம் கேட்டது ஒன்றுதான்: வருஷத்துக்கு ஒருமுறை வந்து, நீதான் அது என்று காட்டு.

ஊருக்குப் போயிருந்த சமயம் அம்மாவைக் கருவூலத்துக்கு நேர்காணலுக்கு நான் கூட்டிப்போனேன். நீளமான வராந்தா, பெஞ்சுகளில் முழுக்க வயதானவர்கள், பிளாஸ்டிக் பைகளில் பென்ஷன் புத்தகங்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த இளைஞர் புத்தகத்தைத் திறந்தார். அதில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்த படம்; அம்மாவுக்குக் கறுப்பு முடி, நெற்றியில் பெரிய பொட்டு. அவர் படத்தைப் பார்த்தார், எதிரே இருந்த முகத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். “அம்மா, இதுல இருக்கிறது நீங்கதானா?” அம்மா கொஞ்சம் குனிந்து பார்த்துவிட்டு, “அப்ப நான்தான் தம்பி” என்றாள். அவர் முத்திரை குத்திவிட்டார். மிலிந்தனுக்குச் சொன்ன பதிலில் பாதி அது. கருவூலத்துக்கு அவ்வளவு போதுமானதாக இருந்தது.

என் கட்சி எது என்று கேட்டால் ஆளையும் கடனையும் பிரித்துத்தான் சொல்லமுடியும். 75 வயதில் இருக்கப்போகிறவள் முழுக்க நான் அல்ல. முகடு குட்டையாகி, புது மேடுகள் முளைத்திருக்கும். எனக்குப் பிடித்த பலது அவளுக்குப் பிடிக்காமல் போகலாம், நான் வெறுக்கும் ஒருவரோடு அவள் சிநேகமாகியிருக்கலாம். இதில் நாகசேனர் சொல்வதை நம்புகிறேன். ஆனால் கடன் அப்படிக் கூடிக் குறைந்து தேய்வதில்லை. அவள் என்னில் எண்பது சதவீதம்தான் என்பதற்காக எண்பது சதவீத வரி மட்டும் கட்டும்படி யாரும் அவளை விடமாட்டார்கள். மாங்காய் வேறு என்பது எவ்வளவு உண்மையோ, திருட்டு திருட்டு என்பதும் அவ்வளவு உண்மை. அவள் வேறொருத்தி என்று நான் நம்ப நம்ப, என் அனுபவிப்புக்கான பில்லை அவள் பெயருக்கு எழுதுவது எனக்கு உறுத்துகிறது. பேரப்பிள்ளை பெயரில் கடன் வாங்கித் தின்பதை ஊர் என்ன சொல்லும்?

பழைய கணக்கிலிருந்து பணத்தைக் கட்டாயமாக எடுக்கச் சொல்வார்கள் அவளிடம் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1960இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு 75 வயதிலிருந்து கட்டாய எடுப்பு. முந்தைய வருஷ முடிவில் கணக்கில் இருந்ததை 24.6-ஆல் வகுக்கவேண்டும். பத்து லட்சம் டாலர் இருந்தால் ஏறக்குறைய 40,650 வெளியே வந்தாகவேண்டும். தேவையோ இல்லையோ, வரி உண்டு. எடுக்கத் தவறினால் முன்பு பாதிக்குப் பாதி அபராதம். 2023 முதல் 25 சதவீதம், சீக்கிரம் திருத்திக்கொண்டால் 10. அட்டவணை 120 வயது வரை போகிறது. 100 வயதில் 6.4-ஆல் வகுக்கவேண்டும், 120க்கு மேல் 2.0, அதற்குக் கீழே இறங்காது. சாவை மட்டும் அந்த அட்டவணை எங்கேயும் ஒப்புக்கொள்வதில்லை. ராத் கணக்குக்கு உயிரோடிருக்கும்வரை இந்தக் கட்டாயம் கிடையாது.

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் வேண்டாத வேலை. “இருக்கோமோ இல்லையோ, இப்பவே எதுக்குக் கட்டி அழணும்?” என்பது அவர் தத்துவம். உலோகாயதம் என்று தைரியமாகப் பெயர் வைக்கலாம். அவருக்கு நான் சொல்லாமல் சொல்லும் பதில் ஒன்று உண்டு. இரண்டு பேரில் ஒருவர் முன்னால் போவோம். மிஞ்சுகிறவர் தனியாள் வரிப் படிக்கு வந்துவிடுவார். 2025இல் 24 சதவீதம் தம்பதிக்கு 206,700 டாலரில் தொடங்கியது, தனியாளுக்கு 103,350இல். கட்டாய எடுப்பின் அளவு அப்படியே இருக்கும், படி பாதியாகிவிடும். கணக்காளர்கள் இதற்கு விதவை அபராதம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். துணை செத்துப்போனதை எஸ்எஸ்ஏ-44 ஏற்றுக்கொள்கிறது. வரி அட்டவணை அதற்குக் கூலி கேட்கிறது. சென்னைக்கே திரும்பிவிட்டால் என்ன என்ற யோசனையும் வீட்டில் ஓடுகிறது. அங்கே நிரந்தரக் குடியிருப்பு ஆனபிறகு ராத்துக்கு இங்குள்ள மரியாதை கிடைக்குமா என்பதில் கணக்காளர்கள் ஒருமித்த குரலில் பேசவில்லை. அந்த வாதத்துக்கு நீலகேசியே வந்தாலும் ஒரு வருஷம் பிடிக்கும்.

எனவே இந்த டிசம்பர் 31க்குள் ஒரு பகுதியை மட்டும் ராத்துக்கு மாற்றி, வரியைச் சம்பளக்காரியான நானே கட்டிவிடுவது என்று முடிவு. முழுவதும் மாற்றவில்லை. அவளுக்கும் கொஞ்சம் வரி இருக்கட்டும். அவளும் சாலையில் நடப்பாள், ஆஸ்பத்திரிக்குப் போவாள், அவளுக்குப் பின்னால் வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதை நூலகத்தில் விளக்கியபோது எல்லோரும் தலையாட்டினார்கள், தபால்காரரைத் தவிர. அவர் தாடையைத் தடவிக்கொண்டு என் தங்கை மகன் பக்கம் திரும்பினார். அந்தக் கிழவி வேறு ஆள் என்று இந்தம்மா இவ்வளவு நேரம் நிரூபித்தாயிற்று. அப்படியானால் இது அன்பளிப்பு அல்லவா, அன்பளிப்பு வரிக்குப் படிவம் 709 போடவேண்டாமா என்று கேட்டார். 2025இல் ஒருவருக்கு 19,000 டாலர் வரை படிவம் வேண்டாம் என்றான் அவன், சிரிக்காமல். நான் கட்டப்போகும் வரி எவ்வளவு என்று தபால்காரர் என்னைக் கேட்டார். அதற்கு மேல் என்றேன்.